அனுமதி

ஏர்கான் சொட்டத் தொடங்கி மூன்றாம் நாள்
கைபேசியில் ஒரு விளம்பரம்.
மூன்று அறைக்கும் சேர்த்து இருபத்தெட்டு வெள்ளி.
நீலச் சட்டைக்காரன் ஒருவன்
தண்ணீர்க் குழாயோடு சிரித்தான்.
"இன்று உட்லண்ட்ஸ் பக்கம்தான் இருக்கிறோம், ஆன்ட்டி."
அந்த ஆன்ட்டியை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

முன்பணம் ஐந்து வெள்ளி. அதற்கொரு செயலி.
"ஸ்டோரில் கிடைக்காது, இந்த இணைப்பில் இறக்குங்கள்."
என் கைபேசி தமிழில் பேசும்,
ஆபீஸில் பெக் ஹூனுக்கு அது வேடிக்கை.
அதனால் அன்றைக்கும் தமிழிலேயே கேட்டது:
உங்கள் திரையைப் பார்க்கவும்
உங்கள் சார்பில் தொடவும்
அனுமதி. மறு.
அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் இரண்டு சொற்கள்.

பதினேழு வருடமாய் நான் கணக்குத் தணிக்கை செய்பவள்.
ஒரு வெள்ளி நாற்பது காசுக்கு ரசீது எங்கே என்று
ஒரு மேலாளரை அழவைத்திருக்கிறேன்.
குக்கர் இரண்டாம் விசில் அடித்தது.
கட்டைவிரலில் மஞ்சள் ஈரம்,
முதல் தடவை பதியவில்லை.
துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன்.

துடைத்துவிட்டு.

இரவு ஒன்றே முக்கால். தண்ணீர் குடிக்க எழுந்தபோது
மேசையில் கிடந்த கைபேசி
தானே விழித்துக்கொண்டது.
என் கடவுச்சொல்
என் வேகத்திலேயே தட்டப்பட்டது.
வந்த குறுஞ்செய்தியை எனக்கு முன்னால் யாரோ படித்தார்கள்,
படித்ததும் அழித்தார்கள்.
எடுப்பதற்குள் திரை கறுத்து,
'மேம்படுத்தப்படுகிறது, அணைக்க வேண்டாம்' என்றது.
நான் அணைக்கவில்லை.
முழுதாக ஒரு நிமிடம்
அதன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றேன்.

பிறகுதான் ஓடி வைஃபை வயரைப் பிடுங்கினேன்.
தோட்டைக் கழற்றி அதன் தண்டால்
சிம் அட்டையை நெம்பி எடுத்தேன்.

கூட்டுக் கணக்கு என்பதால்
பரஞ்சோதியின் கைபேசிக்கு அழைப்பு வந்தது.
"வங்கியிலிருந்து ஹஸ்லினா. சந்தேகமான பரிவர்த்தனை—"
பிடுங்கி, "பொய் சொல்லாதே!" என்று கத்தி வைத்தேன்.
மறுபடி அடித்தாள். மறுபடி வைத்தேன்.
வங்கி அட்டையின் பின்னால் அச்சடித்த எண்ணை
விளக்கடியில் பிடித்து ஒவ்வொன்றாய் அழுத்தினேன்.
பத்தொன்பது நிமிடம் பியானோ.
பரஞ்சோதி எதுவும் கேட்கவில்லை,
சோபா நுனியில் செருப்போடு உட்கார்ந்திருந்தார்,
எங்கோ புறப்படவேண்டும் என்பதுபோல.
கடைசியில் ஒரு குரல். அதே ஹஸ்லினா.
"வைத்தது சரிதான் மேடம்" என்றாள்.
கேலியில்லை. எனக்குத்தான் கேலியாகக் கேட்டது.

ஒன்பதாயிரத்து இருநூறு போயிருந்தது.
மிச்சத்தை முடக்கினாள்.

காவல் நிலையத்தில் ஒரு பையன், முகப்பரு ஆறாதவன்,
பணிவாகக் கேட்டான்: "பொத்தானை அழுத்தியது யார்?"
எத்தனை அறிக்கையில் எழுதியிருப்பேன் அந்த வரியை:
அனுமதி அளித்தவர், கணக்கு வைத்திருப்பவர்.

ஆபீஸில் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று.
பெக் ஹூன் எழுந்து கதவைச் சாத்தினாள்,
தன் அப்பாவின் நாற்பதாயிரத்தைச் சொன்னாள்.
போலீஸ் சீருடையில் வீடியோ காலில் வந்தானாம்.
அடுத்த வாரம் வரவேற்பு மேசை சுரேந்திரன்,
அதற்கடுத்த வாரம் எங்கள் இயக்குநரே.
ஒரு தளம் முழுக்க
தனித்தனியாக வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

இப்போது எவன் அவசரம் என்றாலும்
பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.
சேமிப்பில் பாதியைப் பூட்டியாயிற்று.
நானே நினைத்தாலும் விரலால் எடுக்க முடியாது,
வங்கிக்குப் போய் வரிசையில் நின்று
முகம் காட்ட வேண்டும்.
என் கட்டைவிரலை எனக்குத் தெரியும்.

ஏர்கான் இன்னும் சொட்டுகிறது, கீழே பச்சை வாளி.
மார்சிலிங்கில் ஒரு கடை இருக்கிறதாம்.
பரஞ்சோதி பஸ் ஏறிப் போய்
கடையை, ஏணியை, ஆளைப் பார்த்துவிட்டு வந்தார்.
ஐந்து மடங்கு விலை.
சனிக்கிழமை பத்து மணிக்கு வருவார்.
மணி அடித்தால் யார் என்பேன்.
பதில் வந்தபிறகும்
இன்னொரு தடவை கேட்பேன்.